சுத்திகரித்த நீர் வயலுக்கு வருமுன் உப்புக் கணக்கைக் கேளுங்கள்

திருச்சுழி வட்டாரத்தில் குண்டாற்றைக் கடந்து போகிறவர்கள் ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் பார்ப்பது மணல் திட்டையும் சீமைக்கருவேலத்தையும்தான். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை விழுந்தால் சில நாள் வெள்ளம் ஓடும். பிறகு ஆறு காய்ந்துவிடும். மேற்கே மலைச்சரிவில் தொடங்கி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி என்று நடந்து, மூக்கையூர் அருகே கடலில் சேருகிற ஆறு இது. வழியில் எத்தனையோ கண்மாய்கள் இதன் வரத்தை நம்பி இருக்கின்றன.

ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் அதன் மேல்பகுதியில் ஒரு தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. அது திருமங்கலம் ஊருக்குள்ளிருந்து வருகிற கழிவுநீர். தாமிரபரணி போன்ற ஜீவநதியில் ஒரு வாறுகால் தண்ணீர் விழுந்தால் பத்துப் பங்கோ நூறு பங்கோ நல்ல தண்ணீர் அதோடு கலந்து வீரியத்தைக் குறைக்கும். நம் ஆறுகளில் கலப்பதற்குத் தண்ணீரே கிடையாது. ஊர் விடுகிற தண்ணீர்தான் அந்த மாதங்களில் ஆற்றுத் தண்ணீர். ஆகவே வானம் பார்த்த பூமியில் ஒரு நகராட்சியின் சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்பது, ஊருக்குள் இருப்பவரைவிட ஊருக்குக் கீழே வயல் வைத்திருக்கும் உங்களுக்குத்தான் முக்கியம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுவதும் 351 இடங்களில் ஆறுகள் கெட்டிருப்பதாகப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலிருந்து காவிரி, பவானி, தாமிரபரணி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி ஆகிய ஆறு பெயர்கள் அதில் இருந்தன. குண்டாறு இல்லை, கவுசிகா இல்லை. ஓடாத ஆறு பட்டியலுக்கும் எளிதில் வராது போலும்.

கவுசிகா சொல்லும் பாடம்

குண்டாற்றைவிட நம் கண்ணுக்கு அருகில் இருப்பது கவுசிகா நதி. விருதுநகர் ஊருக்குள்ளேயே நுழைந்து வெளியே வருகிறது. அதன் கீழே, விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் குல்லூர்சந்தை அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. மழைக்காலத்தில் மழைத் தண்ணீரும், மற்ற நாளெல்லாம் ஊர்க் கழிவுநீரும் அதில் வந்து சேருகின்றன. அணையை நம்பி நிலம் வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருவது இதைத்தான்.

விருதுநகரில் பாதாள சாக்கடைத் திட்டம் வந்தது. சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. அதற்குப் பிறகும் கவுசிகாவில் கழிவுநீர் நிற்கவில்லை. இது விருதுநகருக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். சிறு ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. நிலையம் கட்ட அரசு பணம் கொடுக்கிறது. எல்லா வீடுகளிலிருந்தும் குழாய் இணைப்பு வருவதில்லை. இணைப்பு வாங்காத வீட்டுத் தண்ணீர் பழையபடி வாறுகாலில் ஓடி ஆற்றில் விழுகிறது. இணைப்பு வாங்கிய வீட்டுத் தண்ணீரும் பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் நின்றால் ஆள்நுழைவுக் குழி வழியே பொங்கி வழிந்து அதே ஆற்றுக்கு வருகிறது. நிலையத்துக்குத் திறப்பு விழா நடந்துவிட்டது என்பதை வைத்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அருப்புக்கோட்டையிலும் கண்மாய்க்குக் கழிவுநீர் போவதை நீங்கள் பார்க்கலாம். செவல் கண்மாயில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடப்பது எதனால்? ஆகாயத்தாமரை சும்மா வளராது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த தண்ணீர் தொடர்ந்து வந்தால்தான் அப்படி அடைத்துக்கொண்டு வளரும். அதை ஒவ்வோர் ஆண்டும் பொக்லைன் வைத்து அள்ளுவதில் பயன் குறைவு. வரும் வாறுகாலைத் தடுக்காதவரை அடுத்த மழைக்குள் மறுபடி மூடிவிடும்.

இது எவ்வளவு தண்ணீர்?

கழிவுநீர் என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். இது பெரிய சொத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் அருப்புக்கோட்டை நகராட்சியில் ஏறக்குறைய 87,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் குடிநீர் கிடைக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்த தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியே போகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு அரசு விதிப்படி தர வேண்டிய 135 லிட்டரைக் கணக்கில் எடுத்தால் 90 லட்சத்தைத் தாண்டும்.

ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் ஒரு நல்ல உயிர்த்தண்ணீர். ஆகக் குறைந்தபட்சக் கணக்கிலேயே நாளொன்றுக்கு 24 ஏக்கருக்கு உயிர்த்தண்ணீர் கொடுக்கும் அளவு நீர் ஊரை விட்டு வெளியேறுகிறது. அதுவும் சித்திரையிலும் வரும், ஆனியிலும் வரும். ஆண்டுக்கு 800 மி.மீ. ஒட்டி மழை பெய்து, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் ஓரிரு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் மாவட்டத்தில், கோடையிலும் வற்றாத தண்ணீர் இது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அருப்புக்கோட்டை குடிப்பது அருப்புக்கோட்டைத் தண்ணீர் இல்லை. வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாயில் பல மைல் தூரம் வரும் கூட்டுக் குடிநீர். அந்த ஆற்றுப் படுகை விவசாயிகளின் பங்கிலிருந்து எடுத்து, மின்சாரம் செலவழித்து இங்கே கொண்டுவந்த தண்ணீரை, ஒருமுறை பயன்படுத்தியதும் கண்மாயைக் கெடுக்க விடுகிறோம். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டம் முடிந்து வெள்ளநீர் வந்தாலும், அது வந்து சேரப்போவதும் இதே கால்வாய், கண்மாய், ஆற்றுப் படுகைக்குத்தான்.

நிலையம் எதை எடுக்கும், எதை விடும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். சுத்திகரிப்பு நிலையம் பெரும்பாலும் ஒரு நுண்ணுயிர்ப் பண்ணை. உள்ளே வரும் தண்ணீரில் முதலில் துணி, பிளாஸ்டிக், மணலைக் கம்பிச் சல்லடையும் தொட்டியும் பிடிக்கும். அடுத்த தொட்டியில் காற்றை ஊதுவார்கள். காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் மலம், சோப்பு, உணவுக் கழிவில் உள்ள கரிமப் பொருளைத் தின்று பெருகும். பிறகு அசையாத தொட்டியில் விட்டால் அவை சேறாக அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் குளோரின் கலந்து வெளியே விடுவார்கள். காற்று ஊதும் இயந்திரம் சில மணி நேரம் நின்றாலே நுண்ணுயிர்கள் வாடத் தொடங்கும். நாள் கணக்கில் நின்றால் பண்ணையே செத்துவிடும். பிறகு மின்சாரம் வந்தாலும் பழைய நிலைக்கு வரப் பல நாள் பிடிக்கும். கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கு இது எளிதில் புரியும்.

வெளியே விடும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் அறிவித்தது. அதில் நான்கு அளவுகள்: கார அமிலநிலை, பி.ஓ.டி. எனப்படும் அழுகும் பொருளின் அளவு, மிதக்கும் துகள், மலக் கிருமி. பி.ஓ.டி. பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களில் 30 வரை போகலாம் என்றது. அது போதாது, 10 ஆக இறுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரலில் சொன்னது.

இந்த நான்கில் உப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். நுண்ணுயிர் உப்பைத் தின்னாது. குளோரின் உப்பை நீக்காது. வீட்டுக்கு வந்த தண்ணீரில் எவ்வளவு உப்பு இருந்ததோ, அதோடு சிறுநீர், சமையல், சோப்புத்தூள் எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு 200 முதல் 500 மில்லிகிராம் வரை கூடுதலாகிறது. நம் ஊர்களில் குடிக்க மட்டும் ஆற்றுக் குழாய்த் தண்ணீர். துவைக்க, கழுவ, குளிக்க உவர்ப்பு போர்வெல் தண்ணீர். ஆகவே கழிவுநீரில் உப்பு இன்னும் ஏறும். நெசவும் நூல் சாயமும் உள்ள ஊராக இருந்தால், சாயம் பிடிக்கப் போடும் உப்பும் வாறுகாலுக்கு வரும். இவை எல்லாம் நிலையத்தின் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் அப்படியே வெளியேறும். சட்டப்படி எல்லா அளவும் சரியாக இருக்கிற, கண்ணாடி போல் தெளிந்த நீர், கரிசல் மண்ணைக் கெடுக்கும் நீராகவும் இருக்க முடியும்.

ஒரு லிட்டரில் ஒரு கிராம் உப்பு உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக அட்டையில் இது இ.சி. 1.5 என்று வரும். பலர் நல்ல தண்ணீர் என்றே சொல்வார்கள். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாய்ச்சினால் 200 கிலோ உப்பு. பத்துத் தண்ணீர் கொடுத்தால் இரண்டு டன். ஒரு வெள்ளாமைக்கு ஒரு ஏக்கரில் இரண்டு டன்! செம்மண்ணாக இருந்தால் மழை கழுவிக் கீழே கொண்டுபோகும். கரிசலில் தண்ணீர் கீழே இறங்குவதே சிரமம்.

அதிலும் சோடியம் வேறு விதமான கெடுதல். கரிசலின் களித்துகள்களை ஒட்டவைத்து மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருப்பது சுண்ணாம்புச்சத்து. சோடியம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் துகள்கள் பிரிந்துவிடும். உப்புத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும்வரை இது வெளியே தெரியாது. உப்பே மண்ணைக் கட்டிவைத்திருக்கும். ஐப்பசியில் உப்பில்லாத மழைத் தண்ணீர் விழுந்ததும்தான் தெரியும். மேல்மண் கரைந்து குழம்பாகி, காய்ந்ததும் பொருக்குத் தட்டும். விதை முளைத்து மேலே வராது, தண்ணீர் உள்ளே போகாது, மழை ஓடியே போய்விடும். மானாவாரியில் மழையை உள்ளே வாங்காத நிலம் எதற்கு ஆகும்?

இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வயலில் நெல்லிக்காய் அளவுக்கும் சிறிய ஒரு காய்ந்த மண்கட்டியை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஊற்றி, மெதுவாக உள்ளே வையுங்கள். கலக்கக் கூடாது. கட்டி உதிர்ந்து விழுந்தால் பயமில்லை. கரிசல் அப்படித்தான் உதிரும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவி நின்றால் சோடியம் ஏறியிருக்கிறது என்று பொருள். அப்போது மண்ணை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட வேண்டியிருக்கும். அளவு தெரியாமல் கடையில் கேட்டு வாங்கிப் போடுவது வீண்செலவு.

நொய்யலும் கோலாரும்

உப்பை அசட்டை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலைத் தாண்டிப் போக வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். மேலே திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் தண்ணீர் அணையில் தேங்கியது. சில ஆண்டுகளிலேயே, அந்தத் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் விடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. கிணறுகள் உவர்ப்பாயின. தென்னை காய்ந்தது. பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அப்போதே இருந்தன. நிறத்தையும் நாற்றத்தையும் குறைத்தன, உப்பை விட்டுவிட்டன. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. விவசாயிகள் ஏறி இறங்கிய வழக்குதான் அதைக் கொண்டுவந்தது. இழந்த நிலம் அதனால் திரும்பிவிடவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நம்மைப் போலவே ஏரிகளை நம்பிய வறண்ட சீமை. போர்வெல் ஆயிரம் அடிக்கும் கீழே போன இடம். 2018இல் பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் ஏற்றி அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளுக்கு விடும் திட்டம் தொடங்கியது. ஏரிகள் நிறைந்தன, சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது, பல விவசாயிகள் மகிழ்ந்தார்கள். தொடங்கிய சில வாரத்திலேயே ஏரிக்கு வந்த தண்ணீரில் நுரை பொங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு நிறுத்திவிட்டு நிலத்தடி நீரில் கலக்க விடலாமா என்பது அங்கே இன்னும் ஓயாத சண்டை. ஏரியிலிருந்து மோட்டார் வைத்து நேராக வயலுக்கு இறைக்கக் கூடாது, நிலத்தடியில் ஊறிய நீரைக் கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்குள்ள விதி. அது நல்ல விதி என்றே நினைக்கிறேன். மண் ஒரு சல்லடையாக நின்று கிருமியைப் பெருமளவு பிடிக்கும். ஆனால் உப்பை மண்ணும் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

நம் கண்மாய்களுக்கும் நாளைக்கு இப்படி ஒரு திட்டம் வரலாம். வந்தால் வேண்டாம் என்று மறிக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு மடையைத் திறக்கவும் வேண்டாம்.

வயலுக்கு வந்துவிட்டால்

பலருக்கு இது நாளைய கேள்வி இல்லை. கண்மாயில் கலந்த தண்ணீரை இன்றைக்கே பாய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுங்கள். அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. எதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி, காற்று இல்லாமல் நிரப்பி, அன்றைக்கே கொடுப்பது நல்லது. கிணறாக இருந்தால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஒருமுறை எடுத்தால் போதாது. மழை முடிந்த தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று எடுங்கள். சித்திரைக் கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். இ.சி. 0.7க்குக் கீழே இருந்தால் உப்பால் தொல்லை இல்லை. 0.7 முதல் 3 வரை பயிரையும் மண்ணையும் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 3க்கு மேல் கரிசலில் பாய்ச்சவே கூடாது. பாசனத்துக்கான நீரில் 2.25ஐத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் எல்லை. இரண்டாவது எண் எஸ்.ஏ.ஆர். எனப்படும் சோடியம் விகிதம். இதில் வாரியத்தின் எல்லை 26. கனத்த கரிசலுக்கு அது மிகவும் தாராளமான எல்லை. இரட்டை இலக்கத்தைத் தொட்டாலே ஆய்வக அலுவலரிடம் ஜிப்சம் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

பருத்தியும் சோளமும் உப்பைத் தாங்கும். மிளகாய், வெங்காயம், மக்காச்சோளம், பாசிப்பயறு தாங்காது. சம்பா வத்தல் போடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். உப்பு ஒருபுறம் இருக்க, கிருமியையும் பாருங்கள். கீரை, கொத்தமல்லி இலை, வெள்ளரி, தக்காளி போலப் பச்சையாக வாயில் வைக்கும் எதற்கும் இந்தத் தண்ணீர் கூடாது. பருத்தி, மரப்பயிர், தீவனம், வேகவைத்துச் சாப்பிடும் தானியம் ஆகியவை தோதானவை. குளோரின் போட்ட தண்ணீர்தானே என்று கேட்பீர்கள். குளோரின் கிருமியைக் கொல்லும். குடல்புழுவின் முட்டை அதற்குச் சாகாது. அந்த முட்டை கனமானது, எட்டுப் பத்து நாள் தண்ணீர் அசையாமல் நின்றால் அடியில் படிந்துவிடும். ஆகவே வயலுக்கு முன்னால் ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, அதில் நிறுத்தி, மேல்மட்டத்திலிருந்து எடுத்துப் பாய்ச்சுவது பெரிய பாதுகாப்பு. அறுவடைக்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துவதும், சொட்டுநீரில் வேருக்கு மட்டும் கொடுப்பதும் உலக சுகாதார நிறுவனம் 2006 வழிகாட்டியில் சொன்னவை. சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும், வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். அந்தத் தொல்லைக்குத் தயாராக இருங்கள். மடை திறக்கும்போது காலுக்குப் பூட்ஸ் போடுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியாகத்தான் ஏறும்.

உரக் கணக்கையும் மாற்ற வேண்டும். சாதாரண நிலையத்திலிருந்து வரும் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால், பத்துத் தண்ணீரில் ஏக்கருக்கு 40 கிலோ சேரும். 45 கிலோ யூரியா மூட்டை ஏறக்குறைய இரண்டு. அதற்கு மேல் வழக்கம்போல நீங்களும் யூரியா போட்டால் பருத்தி ஆளுயரம் வளரும், சப்பை கொட்டும், சாறுறிஞ்சும் பூச்சி குடியேறும். கழிவுநீர்ப் பருத்தி காய்ப்பதில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். யூரியா மிச்சம் என்பது இந்தத் தண்ணீரின் நேரடி லாபம், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

தீவனப்புல்லுக்கு இது நெடுநாள் பழக்கம். மதுரை அவனியாபுரத்தில் 1920களிலிருந்தே ஊர்க் கழிவுநீரில் புல் வளர்த்தார்கள். மதுரை மாடுகள் பல தலைமுறை தின்றன. சுற்றியுள்ள கிணறுகள் கெட்ட கதையும் அதோடு சேர்ந்ததுதான். தழைச்சத்து மிகுந்த நீரில் வளரும் சோளத்தட்டையிலும் புல்லிலும் நைட்ரேட் ஏறி நிற்கலாம். பசியோடு வரும் மாட்டுக்கு அதை மட்டும் போடாமல் வைக்கோலோடு கலந்து போடுங்கள். ஆடு மாடுகளைக் கழிவுநீர் தேங்கிய குட்டையில் குடிக்க விடாதீர்கள்.

செப்டிக் டேங்க் லாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாதாள சாக்கடை இல்லாத ஊரில் மலக்கழிவு தொட்டியில் தங்குகிறது. லாரி அதை உறிஞ்சி, இருட்டியதும் ஓடையிலோ, சம்மதிக்கும் விவசாயியின் தரிசிலோ கொட்டுகிறது. சத்து என்று வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பச்சைக் கசடில் உயிருள்ள புழுமுட்டை கோடிக்கணக்கில் இருக்கும். மழையில் அது நேராகக் கண்மாய்க்குத்தான் போகும். இந்த லாரிகளுக்கு இப்போது உள்ளாட்சி உரிமம் கட்டாயம், கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம் உண்டு. கொட்ட வேண்டிய இடம் கசடு சுத்திகரிப்பு நிலையம். தமிழ்நாட்டில் முதலாவது 2017இல் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் வந்தது. நாணல் வகைச் செடி வளர்த்த மணல் படுகையில் கசடை விட்டு, நீரை வடித்து, காயவைக்கும் எளிய முறை. அப்படி நெடுநாள் காய்ந்த கசடு மக்கிய எருவாகும். அதை உழவுக்கு முன் போட்டு மூடலாம்.

நிலையத்திடம் கேட்க வேண்டியவை

கிராம சபையிலோ, மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலோ, கழிவுநீர் நாற்றம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஆகாயத்தாமரையை அள்ளிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். எண்ணைக் கேளுங்கள். ஊரில் எத்தனை வீடு, எத்தனைக்கு இணைப்பு, நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு, நேற்று உள்ளே வந்தது எத்தனை லட்சம் லிட்டர், கடந்த மாதம் காற்று ஊதும் இயந்திரம் எத்தனை மணி நேரம் நின்றது என்று கேளுங்கள். கொள்ளளவில் பாதிகூட உள்ளே வரவில்லை என்றால், மீதி எங்கே போகிறது என்பதற்கு விடை உங்கள் கண்மாயில் இருக்கிறது. வெளியேறும் நீரின் பி.ஓ.டி., மலக் கிருமி அறிக்கையோடு, சட்டம் கேட்காவிட்டாலும், இ.சி., எஸ்.ஏ.ஆர். இரண்டையும் மாதம் ஒருமுறை எடுத்துத் தரச் சொல்லுங்கள். சாதாரண ஆய்வகத்தில் ஆகிற வேலைதான். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்.

புதிதாக நிலையம் வரப்போகிறது என்றால், இடம் பார்க்கும்போதே பேசுங்கள். நம் வெயிலுக்கும் நம் நிலத்துக்கும் குளம் குளமாக நீரை நிறுத்தி வெயிலாலும் பாசியாலும் சுத்தம் செய்யும் பழைய முறை மோசமில்லை. நிலம் அதிகம் கேட்கும். மின்சாரம் மிகக் குறைவு, கெட்டுப்போக இயந்திரமும் குறைவு, புழுமுட்டையும் அங்கேயே படிந்துவிடும். தரிசு கிடக்கும் சீமையில் நிலம் கிடைப்பது மின்கட்டணம் கட்டுவதைவிட எளிது. வெயிலில் கொஞ்சம் நீர் ஆவியாகி உப்பு ஏறும் என்பது அதன் குறை. அதற்காகத்தான் சித்திரைத் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்கச் சொன்னது.

இந்த ஆண்டு ஆய்வு அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கண்மாய்ப் பாசனத்தார் நாலைந்து பேர் சேர்ந்து மேல்மடை, கீழ்மடை, பக்கத்துக் கிணறு என்று மூன்று இடத்துத் தண்ணீரை ஆண்டுக்கு இருமுறை எடுத்து, ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்துவிட்டால், உப்பு எந்தப் பக்கத்திலிருந்து, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று கைவிரலால் காட்டலாம்.